ஓடுகளம் தாண்டியவர்கள் (14): மட்டை பிடிக்காத ஆட்டக்காரர்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஹெர்ப் வாஷிங்டன் 105 ஆட்டங்களில் இறங்கினார். 33 ஓட்டங்கள் எடுத்தார். 31 முறை பேஸ் திருடினார். வேர்ல்டு சீரிஸ் பட்டம் வென்ற அணியில் இருந்தார். ஆனால் அந்த 105 ஆட்டங்களில் ஒரு தடவைகூட அவர் மட்டை பிடித்துப் பந்தை எதிர்கொண்டதில்லை. கையுறை மாட்டிக்கொண்டு களத்தடுப்பில் நின்றதும் இல்லை. ஓடுவதற்காக மட்டுமே சம்பளம் பேசி எடுக்கப்பட்டவர் அவர். 1975இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆட்டக்காரர் அட்டைகளில், மற்றவர்களுக்குப் பிட்சர், கேட்சர் என்று அச்சிட்ட இடத்தில் இவருக்கு மாற்று ஓட்டக்காரர் என்று போட்டார்கள்.

இதுவரை இந்தத் தொடரில் நம் நாட்டு ஓட்டக்காரர்களைத்தான் பார்த்து வந்தோம். ஓடிய காலம் முடிந்ததும் போலீஸில் சேர்ந்தவர்கள், ஆசிரியர் ஆனவர்கள், இராணுவத்துக்குப் போனவர்கள் என்று பலரைச் சந்தித்தோம். இந்த வாரம் ஓர் அமெரிக்கரைப் பற்றி எழுதுகிறேன். அவர் கடை வைத்துப் பெரிய முதலாளியானது ஓஹாயோ மாநிலத்தில். கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலருக்கு ஓஹாயோ கேள்விப்பட்ட பெயர்தான். பூங்காவில் சோலார் தகடு செய்யும் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் அமெரிக்காவில் நடத்தும் தொழிற்சாலைகளில் ஒன்று அந்த மாநிலத்தின் பெர்ரிஸ்பர்க்கில். ஆனால் வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுவல்ல. அவருடைய கால்களை அடுத்தவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள், பிறகு அவர் தனக்கென்று எதைக் கட்டினார், கட்டியது யாருடைய நிலத்தின்மேல் நின்றது என்ற மூன்று கேள்விகளும் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.

வாஷிங்டன் பிறந்த ஊர் மிசிசிப்பி மாநிலத்தின் பெல்சோனி. பருத்தி விளையும் பூமி. தெற்கே பருத்திக் காட்டை நம்பியிருந்த கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கே தொழிற்சாலை நகரங்களுக்குக் குடிபெயர்ந்த காலம் அது. அவர் வளர்ந்தது மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சங்கு ஊதினால் ஊரே எழுந்து வேலைக்குப் போகும் அளவுக்கு அது கார்த் தொழிற்சாலை ஊர். பால்வெட்டுக் காட்டிலிருந்து ஒரே தலைமுறையில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் இரவு ஷிஃப்டுக்கு வந்து சேர்ந்த பாடாங் செராய், லூனாஸ் குடும்பங்களுக்கு இந்தப் பயணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஃபிளின்ட் பள்ளியில் ஓடத் தொடங்கியவர், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசமறிந்த ஓட்டக்காரர் ஆனார். அவருடைய பலம் குறுகிய தூரம். 100 மீட்டரைவிடக் குறுகிய தூரம். அமெரிக்காவில் குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே நடக்கும் உள்ளரங்கப் போட்டிகளில் அப்போது 50 கஜம், 60 கஜம் என்றுதான் பந்தயம் வைப்பார்கள். 1972 வாக்கில் 50 கஜத்தை 5.0 விநாடியிலும் 60 கஜத்தை 5.8 விநாடியிலும் ஓடி உலகச் சாதனை ஏட்டில் இடம்பிடித்தார். 50 கஜம் என்பது 46 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தூரத்தில் புறப்பாடுதான் எல்லாம். துப்பாக்கிச் சத்தம் காதில் விழுந்த கணத்திலேயே உடம்பு பாய்ந்திருக்க வேண்டும். அதில் அவருக்கு நிகர் அன்று உலகில் ஓரிருவர்தான்.

ஆனால் ஒலிம்பிக்கில் 50 கஜமும் இல்லை, 60 கஜமும் இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்க அணியில் அவர் பெயர் இல்லை. அந்த ஆண்டே பால்டிமோர் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி அவரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அதுவும் பெரிதாக எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் சார்லி ஃபின்லி அவரைத் தேடி வந்தார்.

ஃபின்லி சிகாகோவில் காப்புறுதித் தொழிலில் பணம் சேர்த்தவர். ஓக்லாந்து ஏ'ஸ் அணியின் முதலாளி. 1968இல் கான்சஸ் சிட்டியிலிருந்து அணியைப் பெயர்த்துக் கலிபோர்னியாவின் ஓக்லாந்துக்குக் கொண்டுவந்தவர். அணிக்கு அடையாளமாக ஒரு கோவேறு கழுதையை வளர்த்து அதற்குத் தன் பெயரையே வைத்தவர். பந்து வெள்ளையாக இருந்தால் இரவில் தெரியவில்லை என்று ஆரஞ்சு நிறப் பந்தைச் சோதித்துப் பார்த்தவர். 1972இல் ஆட்டக்காரர்கள் மீசை வளர்த்தால் ஆளுக்கு 300 டாலர் தருவதாகச் சொல்லி அணியையே மீசைக்கார அணியாக்கினார். பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்கத் தனி ஆள் வைக்கலாம் என்ற யோசனைக்கு முன்னின்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 1973இல் அமெரிக்கன் லீக் அதை விதியாகவே ஏற்றுக்கொண்டது. மட்டை பிடிக்கத் தனி ஆள் இருக்கலாம் என்றால் ஓடுவதற்கும் ஓர் ஆளை வைக்கலாமே என்பது அவருடைய அடுத்த கணக்கு.

விதிப்படி அதற்கு இடமும் இருந்தது. பேஸில் நிற்கும் ஆட்டக்காரரை வெளியே அழைத்து, அவர் இடத்தில் வேறொருவரை நிறுத்தலாம். வெளியே வந்தவர் அந்த ஆட்டத்தில் திரும்ப இறங்க முடியாது. வழக்கமாகக் கடைசி இன்னிங்ஸில், மெதுவாக ஓடும் ஒருவருக்குப் பதிலாக, பெஞ்சில் இருக்கும் வேகமான ஆளை இப்படி இறக்குவார்கள். அந்த ஆள் மட்டையும் பிடிப்பார், களத்திலும் நிற்பார். ஃபின்லி கேட்டது வேறு. வேறு எந்த வேலையும் தெரியாத, ஓட மட்டும் தெரிந்த ஆள் அவருக்கு வேண்டும். 1974 பருவம் தொடங்குமுன் வாஷிங்டனோடு ஒப்பந்தம் போட்டார். மீசை வளர்த்தால் தனிப் பணம் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது.

அணிக்கு அது பிடிக்கவில்லை. 1972, 1973 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பட்டம் வென்ற அணி அது. ரெஜி ஜாக்சன், சால் பாண்டோ, ஜோ ரூடி, கேட்ஃபிஷ் ஹண்டர் என்று பெரிய பெயர்கள். அப்போது அணியில் மொத்தம் 25 பேருக்குத்தான் இடம். சின்ன லீக்குகளில் ஆண்டுக்கணக்கில் பஸ்ஸில் அலைந்து, கை காய்த்து, அந்த 25இல் ஓர் இடத்துக்காகக் காத்திருப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். பள்ளி முடித்தபின் பேஸ்பாலே ஆடாத ஒருவருக்கு அந்த இடம் போனால் முணுமுணுப்பு வரத்தான் செய்யும். அந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் ஃபின்லியின் அலுவலகம். சேர்ந்ததோ வாஷிங்டனின் தலைமேல்.

பேஸ் திருடுவது, அதாவது மட்டைக்காரர் பந்தை அடிக்கக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது, எப்படி என்று கற்றுக்கொடுக்க மாரி வில்ஸை ஃபின்லி வரவழைத்தார். 1962இல் ஒரே பருவத்தில் 104 பேஸ்களைத் திருடிய மனிதர் வில்ஸ். அவரைவிட நல்ல ஆசான் கிடைக்கமாட்டார். ஆனால் பாடத்துக்குக் கிடைத்தது சில வார அவகாசம்தான்.

இடைநிலைப்பள்ளியில் சாஃப்ட்பால் ஆடிய பெண்கள் இதைப் படித்தால் பேஸ் என்ன, பிட்சர் யார் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்பாலில் பந்து பிட்சரின் கையை விட்டுப் போகும்வரை பேஸைவிட்டு நகரக்கூடாது. பேஸ்பாலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஓட்டக்காரர் பேஸைவிட்டு மூன்று நான்கு எட்டு முன்னாலேயே நகர்ந்து நின்றுகொள்ளலாம். ஆனால் பிட்சர் மட்டைக்காரரை நோக்கி வீசாமல் சட்டென்று திரும்பி முதல் பேஸுக்கு வீசிவிட்டால், திரும்பிப் போய்த் தொடுவதற்குள் அவர் அவுட்.

ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 90 அடி. மீட்டரில் சொன்னால் 27.4. பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சர் கையில் சேர ஏறக்குறைய 1.3 விநாடி ஆகும். கேட்சர் எழுந்து இரண்டாம் பேஸுக்கு எறிய இன்னும் 2 விநாடி. ஆக மொத்தம் 3.3 விநாடிதான் ஓட்டக்காரருக்குக் கிடைக்கும். எட்டு வைத்து நகர்ந்த தூரம் போக மீதியை அதற்குள் ஓடி முடித்து, சறுக்கி, பேஸைத் தொட வேண்டும். 50 கஜத்தை 5 விநாடியில் ஓடுகிறவருக்கு இது தண்ணீர்பட்ட பாடு என்று நமக்குத் தோன்றும். ஃபின்லிக்கும் அப்படித்தான் தோன்றியது.

கணக்கு பிசகிய இடம் புறப்பாடு. ஓடுகளத்தில் முன்னால் பார்த்துக் குனிந்து, கட்டையில் கால் ஊன்றி, சத்தத்துக்குப் புறப்பட வேண்டும். பேஸ்பாலில் ஓட்டக்காரர் பக்கவாட்டில் நிற்கிறார். முகம் பிட்சரைப் பார்த்து இருக்கும், ஓட வேண்டிய திசை வலது கைப்பக்கம். இடது காலைக் குறுக்கே வீசி உடம்பைத் திருப்பித்தான் முதல் எட்டையே வைக்க முடியும். துப்பாக்கிச் சத்தமும் கிடையாது. பிட்சரின் தோள் எப்போது அசைகிறது, குதிகால் எப்போது மேலே எழுகிறது, இந்த முறை மட்டைக்காரருக்கு வீசப்போகிறாரா, நம்மைப் பிடிக்கத் திரும்பப்போகிறாரா என்று படிக்க வேண்டும். அந்தப் படிப்பு காலில் இல்லை, கண்ணில் இருக்கிறது. அதே 1974இல் செயின்ட் லூயிஸ் அணியின் லூ பிராக் 118 பேஸ்களைத் திருடி வில்ஸின் சாதனையை உடைத்தார். ஓடுகளத்தில் நிறுத்தியிருந்தால் வாஷிங்டனின் முதுகைத்தான் பிராக் பார்த்திருப்பார். ஆனால் எதிரணிப் பிட்சர்களைச் சின்ன சினிமா கேமராவில் படமெடுத்து, அவர்களின் அசைவுகளை உட்கார்ந்து படித்தவர் பிராக். வாஷிங்டனுக்கு அதற்கு நேரம் கொடுத்தவர் யாருமில்லை. சின்ன லீக்கில் ஓராண்டு விட்டிருந்தால்கூட வந்திருக்கும். முதலாளிக்குப் பொறுமை இல்லை.

அந்தப் பருவத்தில் 92 ஆட்டங்களில் இறங்கி, 45 முறை முயன்று 29 முறை திருடினார். 16 முறை பிடிபட்டார். நூற்றுக்கு 64. மூன்றில் இரண்டு பங்காவது வெற்றி வந்தால்தான் திருட்டு முயற்சியால் அணிக்கு இலாபம் என்பது பேஸ்பால் கணக்கர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. அதைவிட அவர் கொஞ்சம்தான் குறைவு. இந்த ஆட்டத்தில் முதல் ஆண்டு அடியெடுத்து வைத்த ஒருவருக்கு அது கேவலமான எண் இல்லை என்றே நான் சொல்வேன். அவர் எடுத்த 29 ஓட்டங்களும் அணியின் கணக்கில்தான் சேர்ந்தன.

ஆனால் அமெரிக்கா அவரை நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு கணத்துக்காக. 1974 அக்டோபர் 13. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் அரங்கம். வேர்ல்டு சீரிஸின் இரண்டாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது டாட்ஜர்ஸ் 3, ஓக்லாந்து பூஜ்யம். பாண்டோவும் ஜாக்சனும் பேஸுக்கு வந்தார்கள். ஜோ ரூடி அடித்த அடியில் இருவரும் ஓடி வந்து சேர 3க்கு 2 ஆனது. அடுத்தவர் அவுட். முதல் பேஸில் ரூடி. அவர் வந்து சேர்ந்தால் ஆட்டம் சமன். ரூடியை வெளியே அழைத்து வாஷிங்டனை இறக்கினார் மேலாளர் ஆல்வின் டார்க். எந்த வேலைக்காக அவரை ஒப்பந்தம் செய்தார்களோ அந்த வேலை வந்துவிட்டது.

எதிரே பிட்சராக நின்றவர் மைக் மார்ஷல். அந்த ஆண்டில் 106 ஆட்டங்களில் பந்து வீசிச் சாதனை படைத்தவர். வாஷிங்டன் படித்த அதே மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல் படித்தவர். பின்னாளில் அதே துறையில் முனைவர் பட்டமும் வாங்கினார். மனித உடம்பு எந்த நிலையிலிருந்து திரும்ப முடியாது என்பதைப் பாடமாகவே படித்த மனிதர். வாஷிங்டன் பேஸைவிட்டு நகர்ந்து நின்றார். மார்ஷல் வீசுவதற்கு ஆயத்தமாகி, வீசாமல், பிட்சர் கால் ஊன்றும் பலகையிலிருந்து காலை எடுத்தார். மறுபடியும் ஆயத்தமானார். வாஷிங்டனின் எடை இரண்டாம் பேஸ் பக்கம் சாய்ந்த நொடியில் மார்ஷல் சுழன்று முதல் பேஸுக்கு எறிந்தார். ஸ்டீவ் கார்வி பந்தைப் பிடித்து, மண்ணில் பாய்ந்து திரும்பிக்கொண்டிருந்த கையைத் தொட்டார். அவுட். அடுத்த மட்டைக்காரரும் வீழ்ந்தார். ஆட்டம் முடிந்தது.

அந்தத் தொடரில் ஓக்லாந்து தோற்றது அந்த ஓர் ஆட்டத்தில்தான். நான்குக்கு ஒன்று என்று வென்று மூன்றாவது முறையாகத் தொடர்ந்து பட்டத்தைத் தூக்கியது. ஆனாலும் தொலைக்காட்சியில் நாடே பார்த்த அந்தக் காட்சி வாஷிங்டனோடு ஒட்டிக்கொண்டது. 1975இல் 13 ஆட்டங்கள். மே மாதம் அவரை விடுவித்துவிட்டார்கள். அவருக்கு மாற்றாக வந்த மாட் அலெக்ஸாண்டர், டான் ஹாப்கின்ஸ் ஆகியோரும் ஓடுவதற்கென்றே எடுக்கப்பட்டவர்கள்தாம். ஆனால் பேஸ்பாலிலேயே வளர்ந்தவர்கள். ஃபின்லி தன் யோசனையைக் கைவிடவில்லை, ஆளைத்தான் கைவிட்டார்.

இதே கதை ஆசியாவில் ஐந்தாண்டு முன்னதாகவே நடந்திருக்கிறது. ஜப்பானின் ஈஜிமா ஹிதேயோ 1964இல் 100 மீட்டரை 10.1 விநாடியில் ஓடி, 1935 முதல் நின்றிருந்த ஜப்பானியச் சாதனையை உடைத்தவர். 1964 டோக்கியோ, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குகளில் ஓடினார். அந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் நம் டாக்டர் மணி ஜெகதீசனும் ஓடினார் என்பதை இந்தத் தொடரின் வாசகர்கள் அறிவார்கள். மெக்சிகோ முடிந்ததும் டோக்கியோ ஓரியன்ஸ் அணி ஈஜிமாவை எடுத்துக்கொண்டது. அதன் முதலாளி நாகாதா மசாயிச்சி, 'ராஷோமோன்' படத்தைத் தயாரித்த டாயே பட நிறுவனத்தின் தலைவர். கூட்டத்தைக் கூட்டத் தெரிந்தவர். 1969 முதல் 1971 வரை மூன்று பருவங்கள். 117 ஆட்டங்கள், 23 திருட்டு, 17 முறை பிடிபட்டது, 46 ஓட்டங்கள். மட்டை பிடித்தது பூஜ்யம். பிறகு ஈஜிமா தன் சொந்த ஊரான மீத்தோவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்தார். ஓட்டப் பந்தயங்களில் துப்பாக்கி சுட்டுத் தொடக்கி வைக்கும் நடுவராகவும் பேர் வாங்கினார். 1991இல் டோக்கியோ உலகத் தடகளப் போட்டியில் கார்ல் லூயிஸ் 9.86 விநாடியில் உலகச் சாதனை படைத்த ஓட்டத்தைத் தொடக்கி வைத்தவர் அவர்தான்.

இனி வாஷிங்டனின் நாற்பது ஆண்டுகள். ஓடிய கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

1980இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் ஒரு மெக்டோனல்ட்ஸ் கடையை எடுத்தார். அந்த நிறுவனம் நம் நாட்டுக்கு வந்தது 1982இல். கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் முதல் கடை திறந்தது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஒருவருக்கு முதன்முதலாக அந்த நிறுவனம் கடை கொடுத்தது 1968இல்தான். சிகாகோவில் ஹெர்மன் பெட்டி எடுத்த கடை அது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு நகரங்கள் பற்றியெரிந்த ஆண்டு. வெள்ளைக்கார முதலாளிகள் கடை நடத்தத் தயங்கிய கறுப்பினப் பகுதிகளில் அந்தப் பகுதிக்காரர்களையே உட்காரவைக்கலாம் என்று நிறுவனம் முடிவெடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வாஷிங்டன் நுழைந்ததும் அதே வாசல் வழியாகத்தான்.

அவர் நன்றாகவே நடத்தினார். ஒன்று பலவானது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பஃபலோ கிளை இயக்குநர் குழுவில் இடம்பெறும் அளவுக்கு வணிக வட்டாரத்தில் மதிப்பு சேர்ந்தது. 1998இல் ஓஹாயோவின் யங்ஸ்டவுன் வட்டாரத்துக்கு இடம்மாறி, அங்கிருந்த கடைகளை மொத்தமாக வாங்கினார். யங்ஸ்டவுன் எஃகு ஊர். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, அங்கிருந்த பெரிய எஃகு ஆலையை மூடப்போவதாக அறிவித்து ஒரே நாளில் ஏறக்குறைய 5,000 பேரின் வேலைக்கு முடிவு கட்டினார்கள். இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் அதைக் கறுப்புத் திங்கள் என்றுதான் சொல்வார்கள். அப்படி நொடித்துப்போன ஊரில் போய்க் கடை நடத்தி, நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தார். 2005இல் ஸ்டீல்ஹவுண்ட்ஸ் என்ற பனிக்கட்டி ஹாக்கி அணியைத் தொடங்கி மூன்று பருவங்கள் நடத்தினார். ஒரு காலத்தில் முதலாளியின் விளையாட்டுப் பொருளாக இருந்தவர், இப்போது ஓர் அணிக்கே முதலாளி. உச்சத்தில் அவர் கையில் 27 மெக்டோனல்ட்ஸ் கடைகள் இருந்தன. அமெரிக்காவிலேயே அந்த நிறுவனத்தின் கடைகளை அதிகமாக வைத்திருந்த கறுப்பினத்தவர்களில் ஒருவர்.

மெக்டோனல்ட்ஸ் கடை எடுப்பது எப்படி என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் விஷயம் அதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் கடை நிற்கும் மனையோ கட்டடமோ நிறுவனத்தின் கையில் இருக்கும். சொந்தமாக வாங்கியிருக்கும், அல்லது நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்திருக்கும். கடைக்காரர் உள்ளே வைக்கும் அடுப்பு, மேசை, பலகை எல்லாவற்றுக்கும் தன் பணத்தைப் போடுவார். விற்பனையில் ஒரு பங்கை வாடகையாகக் கட்டுவார். பெயரைப் பயன்படுத்த ஒரு கட்டணம், விளம்பரத்துக்கு ஒரு கட்டணம். ஒப்பந்தம் வழக்கமாக 20 ஆண்டுகள். முடிந்தால் புதுப்பிப்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் விருப்பம். கடையைப் புதுப்பொலிவாக்கு என்று சொன்னால் கடைக்காரர் செலவழிக்க வேண்டும். எந்த இடத்துக் கடை யாருக்கு என்பதையும் நிறுவனம்தான் தீர்மானிக்கும். ஏழைகள் வாழும் பகுதியில் கடை கிடைத்தால் விற்பனை குறைவு, காவலுக்கும் காப்புறுதிக்கும் செலவு அதிகம். நல்ல பகுதியில் கிடைத்தவர் அதே உழைப்பில் இரு மடங்கு பார்ப்பார்.

நம் பெற்றோர் பிறந்த லயத்து வீடும் இதே கணக்கில் கட்டியதுதான். வீடு கம்பெனியுடையது, நிலம் கம்பெனியுடையது. வாசலில் வைத்த முருங்கை மட்டும் நம்முடையது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். மூன்று தலைமுறை அந்த மண்ணில் உழைத்தவர்கள் ஒரு நோட்டீஸோடு வெளியேறினார்கள். அதற்கு விடையாகத்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பங்குப் பணத்தைச் சிறுகச் சிறுகக் கட்டினார்கள். சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் நம் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம். ஆண்டு 1961. பால்வெட்டும் கையே பத்திரத்திலும் பேர் போட்ட முதல் தோட்டம் இங்கேதான் இருக்கிறது என்பதைக் கூலிம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. பூங்காவுக்குள் கேன்டீன், வேன், துப்புரவு, காவல் என்று குத்தகை எடுத்து நடத்தும் நம் சிறு முதலாளிகளுக்கும் இந்தச் செய்தி வேண்டியதுதான். அவர்களில் பலர் நிற்பது அடுத்தவர் நிலத்தில், அடுத்தவர் எழுதிய ஒப்பந்தத்தின்மேல்.

வாஷிங்டன் அந்த இடத்தில்தான் மாட்டினார். 27 கடைகள் 14 ஆகக் குறைந்தன. 2021 பிப்ரவரியில், எழுபது வயதை ஒட்டிய நேரத்தில், ஓஹாயோ கூட்டரசு நீதிமன்றத்தில் மெக்டோனல்ட்ஸ்மீது வழக்குப் போட்டார். ராச்செஸ்டரில் தொடங்கிய நாள்முதல் தனக்கு ஏழைப் பகுதிகளிலேயே கடைகளைத் தள்ளினார்கள், வெள்ளைக்காரக் கடைக்காரர்களைவிடக் கடுமையான அளவுகோலைத் தன் கடைகளுக்கு வைத்தார்கள், கடைகளை வெள்ளைக்காரர்களுக்கு விற்கும்படி நெருக்கினார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. நிறுவனம் எல்லாவற்றையும் மறுத்தது. அவருடைய இக்கட்டுக்கு அவருடைய நிர்வாகமே காரணம் என்றது. நீதிமன்றத்தின் தீர்ப்புவரை வழக்கு போகவில்லை. 2021 டிசம்பரில் சமரசம் ஆனது. அவருடைய 13 கடைகளை 3 கோடியே 35 இலட்சம் டாலருக்கு நிறுவனமே எடுத்துக்கொண்டது. அது கடைகளின் நியாயமான சந்தை விலையைத் தாண்டாத தொகைதான், பாகுபாடு எதுவும் நடக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. வாஷிங்டன் கடைகளைவிட்டு வெளியேறினார்.

யார் சொன்னது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எந்த நீதிபதியும் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஓட்டக்காரர் வாஷிங்டனைப் பற்றி என் கருத்தைச் சொல்வேன். டாட்ஜர் அரங்கத்தில் பிடிபட்டது அவருடைய வாழ்க்கையின் தோல்வி இல்லை. சில வாரப் பயிற்சியோடு உலகின் மிகப் பெரிய மேடையில் ஓர் ஆளை நிறுத்தியவரின் தோல்வி அது. வாஷிங்டன் யாரென்று காட்டியவை அதற்குப் பிறகு அவர் நடத்திய நாற்பது ஆண்டுக் கடைக் கணக்கும், கடைசியில் தன்னைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிய நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்த துணிச்சலும்.

அடுத்த வாரம் கெடாவுக்குத் திரும்புகிறோம். தோட்டத் தமிழ்ப்பள்ளித் திடல்களில் வெறுங்காலோடு ஓடி, மாவட்டம், மாநிலம் என்று போன பிள்ளைகளைப் பற்றி எழுதப்போகிறேன். தோட்டங்கள் கைமாறியபோதும் பள்ளிகள் இடம்மாறியபோதும் பரிசுப் பலகைகளும் பதிவேடுகளும் பல இடங்களில் தொலைந்துபோயின. கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்தில் ஓடியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பழைய ஆசிரியர்கள் எவரேனும் இதைப் படித்தால், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எத்தனை மீட்டர், பிறகு என்ன வேலைக்குப் போனார்கள் என்ற விவரத்தை இதழுக்கு எழுதி அனுப்புங்கள். பழைய சான்றிதழோ புகைப்படமோ இருந்தால் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.